ஈரத்தில் உலரும் அரக்கு

அரக்கு என்றவுடன் தமிழ் கற்கும் மாணவர் நினைவுக்கு முதலில் வருவது, பாண்டவரை எரித்தொழிக்கும் பொருட்டு வாரணாவதத்தில் எழுப்பப்பட்ட மாளிகையாகும். அடுத்து வருவது, கடித உறையின்மேல் உருக்கி ஊற்றி முத்திரை பதிக்கும் செந்நிறப் பொருள். மரக்கிளைகளை மொய்த்து வாழும் ஒரு சிறு பூச்சி தன்னுடலைச் சுற்றிச் சுரக்கும் பிசினே அரக்கு. வடமொழியில் இதற்கு லாக்ஷா என்று பெயர். மாத்தளைப் பகுதியிலே கைத்தடிகளையும் சிமிழ்களையும் வண்ண அரக்கால் ஒப்பனை செய்யும் சிங்களக் கைவினைஞர் இன்றும் தம் தொழிலை அச்சொல்லாலேயே வழங்குவர். ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை குறித்து 1908இல் வெளியிட்ட பெருநூலிலே இத்தொழிலுக்கு உரிய இடம் அளித்துள்ளார்.

இச்சொல் மேற்றிசை சென்று இலத்தீனில் லாக்கா எனவும் பிரெஞ்சு மொழியில் லாக் எனவும் நின்றது. பின்னர் கீழைக் கடல்களில் வாணிபம் செய்யப் புகுந்த ஐரோப்பியர், சீனத்திலும் யப்பானிலும் கண்ணாடிபோல் ஒளிரும் கரும்பூச்சுப் பூசிய பேழைகளைக் கண்டனர். கண்டதும், தாம் முன்னறிந்த இந்திய அரக்கின் பெயரையே அதற்கும் இட்டுவிட்டனர். பெயர் ஒன்றாயிற்று, பொருளோ முற்றிலும் வேறு. அந்தப் பொருந்தாப் பெயரிலிருந்தே இன்று உயிரிரசாயனத்தார் ‘லக்கேசு’ என்று வழங்கும் நொதியத்தின் பெயர் பிறந்தது. லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாமையின் இகரம் முன்னிட்டு இலக்கேசு என இக்கட்டுரையில் வழங்குவேன். இலக்குக்கும் இதற்கும் உறவு இல்லை.

நம் அரக்கும் யப்பானியர் உருஷி என்று கூறும் அரக்கும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் கண்டாலே நொதியத்தின் தொழில் பாதி விளங்கிவிடும். நம் அரக்கு சூட்டினால் இளகும். சூடு தணிய இறுகும். மீண்டும் சூட்டினால் மீண்டும் இளகும். மாத்தளைக் கைவினைஞன் அதனைத் தணலருகே பிடித்து நூலாக இழுத்து நகத்தால் ஒட்டுவது இக்குணத்தை நம்பியே. உருஷியோ ஒரு மரத்தின் பால். மரப்பட்டையைக் கீறி எடுத்த பாலைப் பலகையிற் பூசி வைத்தால், அது சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். இறுகியபின் எவ்வெப்பத்துக்கும் இளகாது. பெரும்பாலான கரைப்பான்களிலும் கரையாது. சீனத்தின் ஏமுடூவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செவ்வரக்குக் கிண்ணம் ஒன்று ஏறத்தாழ 7000 ஆண்டு நிலத்துட் கிடந்தும் தன் பூச்சை முற்றும் இழந்திலது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. ஏனைய பூச்சுகள் எல்லாம் வெயிலிலும் உலர்காற்றிலும் உலரும். உருஷி அங்ஙனம் உலராது. பூசிய பொருளை ஈரம் கசியும் மரப்பெட்டகத்துள் அடைத்து, 20 முதல் 30 பாகை வரையான இளஞ்சூட்டிலும் நூற்றுக்கு 70 முதல் 85 வரையான ஈரப்பதனிலும் வைத்தாலே அது உலரும். ஈரத்தில் உலர்வது என்பது முரண்போலத் தோன்றுகிறதன்றோ? உண்மையில் அங்கு நிகழ்வது உலர்தல் அன்று. நீர் வெளியேறுவதால் இறுகும் பொருளன்று உருஷி. காற்றிலுள்ள ஒட்சிசனை உட்கொண்டு, சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெருவலையாவதே அவ்விறுக்கம். அப்பிணைப்பைத் தொடக்கி வைப்பது பாலிற் கலந்துள்ள நொதியம். நீரற்ற இடத்தில் நொதியம் தொழிற்படாமையால் ஈரம் இன்றியமையாததாயிற்று.

மரத்தின் செய்தியையும் கூறிவிடுகிறேன். இஃது எம்மூர் மாமரமும் மரமுந்திரிகையும் சேர்ந்த குடும்பத்தது. மாங்காய்க் காம்பிற் கசியும் பால் பட்டு வாயோரம் புண்படாத யாழ்ப்பாணத்துச் சிறுவர் அரியர். அதற்கு உறவுடையதும் அதனிலும் பன்மடங்கு கொடியதுமான ஒரு பொருள் உருஷி மரத்தின் பாலில் உண்டு. உருஷியோல் என்னும் அவ்வெண்ணெய்ப் பொருளே பாலில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் இருப்பது. எஞ்சியதிற் பெரும்பகுதி நீர், சிறிது பிசின், இவற்றினிடையே நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இலக்கேசு. பத்துப் பதினைந்தாண்டு வளர்த்த மரமொன்று, கோடை தொடங்கி இலையுதிர் காலம் வரை கீறப்பட்டுத் தரும் பால் ஏறத்தாழ 200 கிராம். யப்பானிய வழக்கில், அவ்வாண்டு முடிவில் மரத்தையே வெட்டிவிடுவர். இத்துணை அரிதிற் கிடைத்த பாலைப் பூசுதற்கு ஏற்றதாக்க, மெல்லச் சூடேற்றி நீரைக் குறைப்பர். சூடு 40 பாகையளவிலேயே நிற்கவேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த விதி. மிகுந்தால் அரக்கு ‘செத்துப்போம்’. நொதியம் என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அதனைப் பேணும் முறையைக் கைவினைஞர் அறிந்திருந்தனர்.

இதனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தவர் யப்பானியரான இகொரொக்குரோ யொஷிதா. 1883இல் அவர் இலண்டன் இரசாயனக் கழகத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரையில், பாலின் இறுக்கத்துக்குக் காரணம் அதனுட் கிடக்கும் ஒரு புளிப்பூக்கிப் பொருளே எனவும், வெப்பம் மிகின் அதன் ஆற்றல் அழியும் எனவும் காட்டினார். பதினோராண்டு கழித்து, பிரெஞ்சு நாட்டவரான கபிரியேல் பேர்த்திராண்டு அந்நாள் தொங்கின் எனப்பட்ட வட வியட்நாமிலிருந்து வந்த அரக்குப் பாலை ஆராய்ந்தார். பாலை மதுசாரத்திற் கலக்க, எண்ணெய்ப் பகுதி கரைந்து பிரிந்தது; பிசினும் நொதியமும் படிந்தன. தனித்த எண்ணெய் காற்றுப்பட்டும் நன்கு இறுகவில்லை. படிவின் கரைசலைச் சேர்த்ததும் கறுத்து இறுகியது. கொதிக்க வைத்த கரைசலைச் சேர்த்தால் அவ்விளைவு இல்லை. டயசுத்தேசு என்னும் பழம்பெயரின் ஈற்றசையை லாக் என்பதோடு கூட்டி லக்கேசு என அவர் பெயரிட்டார். ஒட்சிசனைக் கொண்டு தொழிற்படும் இத்தகைய நொதியங்களுக்கு ஒட்சிடேசு என்ற பொதுப்பெயரை வழங்கியவரும் அவரே.

பேர்த்திராண்டு ஓரிடத்தில் வழுவினார். தாம் எடுத்த நொதியத்தின் சாம்பலில் மங்கனீசைக் கண்டு, அவ்வுலோகமே அதன் உயிர் என 1897இல் எழுதினார். இக்கருத்துப் பல ஆண்டு நிலைத்தது. 1939இலே கேம்பிரிச்சில் கீலின், மான் என்னும் இருவர் நொதியத்தைச் செவ்வனே தூய்மை செய்தபோது, அதன் கரைசல் நீலமாக இருந்தது. உலோகமோ மங்கனீசு அன்று, செம்பு. மங்கனீசு பிசினோடு ஒட்டி வந்த அழுக்கு மாத்திரமே.

நான்கு செப்பணுக்களைக் கொண்ட புரதம் இலக்கேசு. நீல நிறம் அவற்றுள் ஒன்றனுக்கு உரியது. அது புரதத்தின் புறத்தை அடுத்து நின்று, அணுகிவரும் மூலக்கூறு ஒன்றிடமிருந்து ஓர் இலத்திரனைக் கவர்கிறது. கவர்ந்ததை உள்ளே ஒருங்கிருக்கும் மற்றை மூன்று செப்பணுக்களிடம் கடத்துகிறது. இவ்வாறு நான்கு மூலக்கூறுகளிடம் நான்கு இலத்திரன்கள் பெறப்பட்டதும், அவ்விடம் வந்து தங்கிய ஒட்சிசன் மூலக்கூறொன்று இரு நீர் மூலக்கூறுகளாகிவிடும். இலக்கேசின் தொழில் இவ்வளவே. இலத்திரனை இழந்த நான்கு மூலக்கூறுகளும் இனி என்னாகும் என்பது அதன் கவலையன்று. அவை சுயாதீன மூலிகங்கள் என்னும் நிலையை அடைந்து, அடுத்துள்ளது எதுவோ அதனைப் பற்றும். அல்லது தாமே பிளவுறும்.

இதனை மனங்கொண்டால், மாணவரை மயக்கும் ஒரு முரண் தீரும். அரக்குமரத்தில் இலக்கேசு கட்டுகிறது. மரங்களுக்கு உறுதி தரும் இலிக்னின் என்னும் பொருளைச் சமைப்பதிலும் அது கட்டுகிறது. அரபிடோப்சிசு என்னும் சிறு செடியில் மூன்று இலக்கேசுப் பரம்பரையலகுகளை ஒருங்கே செயலிழக்கச் செய்தபோது, இலிக்னின் ஏறக்குறைய இல்லாது செடி வளர்ச்சி குன்றியதை 2013இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மாவிலே தோன்றும் செவ்வண்டு தோலுரித்தபின் அதன் புதிய ஓடு கறுத்து இறுகுவதும் ஓர் இலக்கேசாலேயே. அதனை அடக்கினால் ஓடு வெண்மையாயும் மென்மையாயும் நிற்க, வண்டு மாளும். ஆனால் பட்ட மரத்தை வெளுக்க அரித்துண்ணும் பங்கசுகளோ அதே இனத்து நொதியத்தைச் சுரந்து இலிக்னினை அவிழ்க்கின்றன. கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரே கையா என்று கேட்பர். இலத்திரனைப் பறிப்பதே கையின் தொழில். பறிகொடுத்த மூலக்கூறு நெருக்கமான கூட்டத்தில் நின்றால் பிணைப்பு விளையும். பெரிய இலிக்னின் வலையின் ஓர் உறுப்பாய், வேறு நொதியங்களும் உடன் தாக்க நின்றால் பிளவு விளையும். சூழல் விளைவை வகுக்கிறது.

பூஞ்சணத்தின் இலக்கேசே இன்று தொழிலுக்குப் பயன்படுவது. காளான்களில் இந்நொதியம் உண்டென்பதைப் பூர்க்கலோ என்பவருடன் சேர்ந்து பேர்த்திராண்டே 1890களில் காட்டியிருந்தார். பட்ட கட்டைகளில் விசிறி விசிறியாய், நிறவளையங்களோடு முளைக்கும் திராமெற்றசு வேர்சிக்கோலர் என்பதும், வைக்கோலில் வளர்த்து உண்ணப்படும் சிப்பிக் காளானும் இதனை மிகுதியாகச் சுரப்பன. வைக்கோல், மரத்தூள், கோதுமைத் தவிடு ஆகியவற்றை நனைத்து அவற்றின்மேல் பங்கசை வளர்ப்பது ஒரு முறை. ஊட்டக் கரைசலில் அமிழ்த்திக் கலக்கி வளர்ப்பது மற்றொரு முறை. செம்பின்றி நொதியம் முற்றுப்பெறாதாகையால் மயில்துத்தத்தைச் சிறிதளவு சேர்ப்பர். செம்பு உறுப்பாக அமைவதோடு நில்லாமல், நொதியத்துக்குரிய பரம்பரையலகைத் தூண்டவும் செய்கிறது. அளவு மிஞ்சினால் பங்கசுக்கே நஞ்சு. சைலிடீன் போன்ற சேர்வைகளும் தூண்டுவன. ஆயின் அவை தாமே நஞ்சாதலின் பெருந்தொழிலுக்கு ஏற்றவை அல்ல. பங்கசு முதுமையுற்று ஊட்டம் குன்றும்போது அதன் புரதமழி நொதியங்கள் இலக்கேசையும் தின்றுவிடுமாதலால், வளர்ப்பவர் நாடோறும் அளந்து பார்த்து, உச்சம் கண்ட நாளிலே வடித்தெடுக்க வேண்டும். தொழிற்சாலைகள் இவ்வில்லங்கத்தைத் தவிர்க்க, இலக்கேசின் பரம்பரையலகை வேறொரு பங்கசுக்குள் புகுத்தி வளர்க்கின்றன. யப்பானியர் சோயாக் குழம்புக்கும் சாக்கே மதுவுக்கும் நெடுங்காலமாக வளர்த்துவரும் அசுப்பேர்கிலசு ஒரைசே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

நாடோறும் அளந்து பார்க்க வேண்டும் என்றேன். எதனை அளப்பது? வடித்த நீரில் இலக்கேசு எத்துணை நிறை உண்டென நேரே நிறுத்தறிய இயலாது. நூறு புரதங்களுக்கிடையே அது ஒன்று. நிறுத்தறிந்தாலும் பயனில்லை, கொதித்துச் செத்த நொதியமும் அதே நிறையே காட்டும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்துக்கு உரை கண்டோர் அளவையை ஏழாக வகுத்து, நிறுத்தளத்தல், பெய்தளத்தல் முதலியவற்றோடு தெறித்தளத்தல் என்று ஒன்றனையும் வைத்தனர். தெறித்துப் பார்த்து, எழும் ஓசையால் அறிவது அது. நொதியத்தை அளப்பதும் அவ்வினத்ததே. அதற்கு ஒரு வேலை கொடுத்து, அவ்வேலை எத்துணை விரைவில் நடக்கிறது என்பதைக் காண்கிறோம். அவ்விரைவுக்கே ‘செயற்பாடு’ என்று பெயர்.

முற்காலத்தார் கொடுத்த வேலை குவாயாக்கம் என்னும் மரப்பிசினை நீலமாக்குவது. ஓசோனைக் கண்டறிந்த சேர்ன்பைன் 1850களிலேயே காளான் சாற்றில் இந்நீலத்தைக் கண்டு வியந்தார். இக்காலத்தில் பெரும்பான்மையும் கொடுக்கப்படுவது ஏ.பி.ரி.எசு. என்று சுருக்கமாக வழங்கும் சேர்வை. நிறமற்ற அது, ஓர் இலத்திரனை இழந்ததும் நீலப்பச்சையாகும். அந்நிறம் 420 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை எவ்வளவு உறிஞ்சும் என்பது முன்னரே அறியப்பட்டது: ஒரு சதமமீற்றர் தடிப்பில், ஒரு லீற்றருக்கு ஒரு மூல் செறிவுக்கு 36,000. ஒரு நிமிடத்தில் ஒரு மைக்குரோமூல் பொருளை மாற்றும் நொதியம் ஓர் அலகு எனப்படும்.

கணக்கொன்று செய்து காட்டுவோம். நொதிய நீர் 0.1 மில்லிலீற்றரை எடுத்து, மொத்தக் கலவை 1 மில்லிலீற்றராக அமைக்கிறோம். ஒளியுறிஞ்சல் நிமிடத்துக்கு 0.36 வீதம் ஏறுகிறது. 0.36ஐ 36,000ஆல் வகுக்க, லீற்றருக்கு 10 மைக்குரோமூல் நிமிடந்தோறும் மாறுகிறது. நம் கலவை லீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கே, ஆகவே 0.01 மைக்குரோமூல், அஃதாவது 0.01 அலகு. இது 0.1 மில்லிலீற்றரின் வேலையாதலின், மில்லிலீற்றருக்கு 0.1 அலகு; லீற்றருக்கு 100 அலகு. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கணக்கே. இதனைப் புரதத்தின் நிறையால் வகுத்தால் கிடைப்பது தன்செயற்பாடு; நொதியம் எத்துணைத் தூய்மையுற்றது என்பதை அது காட்டும்.

கணக்கு எளிது, அதனைப் படிப்பதே அரிது. ஏ.பி.ரி.எசுக்குப் பதிலாகச் சிரிங்கால்டசீன் என்னும் வேறொரு சேர்வையைக் கொடுத்து 525 நானோமீற்றருக்கு அண்மையில் அளந்தால், அதே குப்பியிலுள்ள அதே நொதியம் வேறோர் எண்ணைத் தரும். பங்கசு இலக்கேசு ஏ.பி.ரி.எசுடன் கடும் புளிப்பான கரைசலில், பீ.எச். 3, 4 அளவில், மிக விரைந்து தொழிற்படும். பீனோல் வகைகளுடன் பெரும்பாலும் 5க்கும் 7க்கும் இடையிலே சிறக்கும். வெப்பநிலை மாறினாலும் எண் மாறும். ஆகவே ‘லீற்றருக்கு ஆயிரம் அலகு’ என்று மட்டும் கூறுவது, எந்தச் சேர்வை, எந்தப் பீ.எச்., எத்தனை பாகை என்பன கூறாவிடத்து, அளவுகோலின் பெயர் கூறாது ‘நூறு நீளம்’ என்பதை ஒக்கும். இருவேறு ஆய்வுகூடத்தார் தத்தம் எண்களை அருகருகே வைத்து இவருடையது பெரிது, அவருடையது சிறிது என ஒப்பிடுவதைக் காணும்போது எனக்கு நகைப்பே உண்டாகிறது.

பொய்நிறமும் உண்டு. வடித்த நீரில் பேரொட்சிடேசு என்னும் வேறு நொதியமும் சிறிது ஐதரசன் பேரொட்சைட்டும் இருப்பின் அவையும் ஏ.பி.ரி.எசை நிறமாக்கும். கற்றலேசு சேர்த்துப் பேரொட்சைட்டை அழித்தபின் அளந்தாலே, காண்பது இலக்கேசின் வேலை எனத் துணியலாம். கொதிக்க வைத்த நொதியத்தோடு ஒரு குழாயை உடன்வைத்து ஒப்பிடுவதும் வேண்டும். பேர்த்திராண்டு செய்த அதே சோதனை.

வாணிபத்தில் இலக்கேசு புகழ்பெற்றது நீலக் காற்சட்டையால். டெனிம் துணியைப் பழையதுபோல வெளுக்கச் செய்ய, அதனை எரிமலைக் கற்களோடு சுழற்றுவதும் குளோரீன் நீரில் இடுவதும் வழக்கமாயிருந்தன. 1996இல் டென்மார்க்கின் நோவோ நோர்டிசுக்கு நிறுவனம், இலக்கேசையும் இடைத்தூதுச் சேர்வை ஒன்றையும் கலந்த டெனிலைட் என்னும் பண்டத்தை வெளியிட்டது. இடைத்தூதன் என்றது சிறு மூலக்கூறை. இலக்கேசு அதன் இலத்திரனைப் பறிக்கும். அது சென்று, நொதியம் நுழைய இயலாத இடத்துள்ள அவுரி நீலத்தின் இலத்திரனைப் பறிக்கும். நீலம் சிதைய, நூலின் செலுலோசுக்குப் பெரிதும் ஊறில்லை. இவ்வழியைத் திறந்தது 1990இல் கனடாவில் பூர்போனே, பேசு என்போர் செய்த ஆய்வு. இலக்கேசு தனித்துத் தாக்கவியலாத இலிக்னின் பகுதிகளையும், ஏ.பி.ரி.எசு. உடனிருந்தால் தாக்கவல்லது என அவர்கள் கண்டனர். அளவைக்கு வைத்த பொருளே கருவியாயிற்று. கடதாசிக் கூழைக் குளோரீன் இன்றி வெளுக்கலாம் என்ற பெருநம்பிக்கை இதனாற் பிறந்தது; இடைத்தூதரின் விலையும், அவை நொதியத்தையே கெடுப்பதும் அந்நம்பிக்கையைத் தளர்த்தின. மதுக்குப்பிகளின் தக்கையிலுள்ள பீனோல்களை அடக்கி நாற்றம் தவிர்க்கவும் இலக்கேசு பயன்பட்டுள்ளது.

சாயக்கழிவு நீரை இலக்கேசாற் சுத்திகரிக்கலாம் என்னும் ஆய்வுகள் இன்று மிகப்பல. குழாயில் நிறம் போனதைக் கண்டு நஞ்சும் போயிற்று என முடிவு செய்வோர் உளர். இலத்திரன் இழந்த சாயம் சிதையவும் கூடும். தம்முட் பிணைந்து வேறு சேர்வையாகவும் கூடும். அவ்விளைவு முன்னையதிலும் கொடிதா அன்றா என்பதைத் தனியே சோதித்தல் வேண்டும். மேலும், துணிக்குச் சாயமேற்றும் ஆலையின் கழிவு பெரும்பாலும் காரத்தன்மையது, உப்பு மிகுந்தது, சூடானது. உப்பிலுள்ள குளோரைட்டு இலக்கேசின் செயலைத் தடுக்கும். காரத்தில் வளரும் ஐதரொட்சைட்டும் தடுக்கும். புளிப்புக் கரைசலில் ஏ.பி.ரி.எசுடன் அளந்து குப்பியின்மேல் ஒட்டிய எண், அந்தக் கழிவுத் தொட்டியில் எதற்கும் சான்றாகாது. ஆதலின் ஆய்வாளர் சிலர் பங்கசை விட்டுப் பற்றீரியாவை நாடியுள்ளனர். பசிலசு சப்டிலிசின் வித்திகளைப் போர்த்தி நின்று அவற்றுக்குக் கபில நிறமூட்டும் கொற்-ஏ என்னும் புரதம் ஓர் இலக்கேசே. பங்கசின் நொதியங்கள் பல விரைவிற் சாகும் சூட்டிலும் அது நிலைத்து நிற்கும். காரத்தையும் அவற்றினும் நன்கு பொறுக்கும். ஆனால் இலத்திரனைக் கவரும் வலி அதற்குப் பங்கசினதிலும் குறைவு. அதனையும் இடைத்தூதரோடு சேர்த்தே சோதித்து வருகின்றனர்.